கணியத்தை ஒளித்து வைத்தவன்

1

நேற்று எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எங்கள் லைப்ரரியிலிருந்து மூன்று பழைய ஃபங்ஷன்களை நீக்கிவிட்டோம், அதற்கான கேக் அது. எடுத்தவற்றின் பெயர்களைக் கிரீமால் எழுதி, ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சிறிய துறைமுக ஊருக்கு வந்த நாளிலிருந்து வருடாவருடம் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். ஆனால் 2012க்குப் பிறகு எனக்கு ஒரு துண்டுகூடக் கிடைத்ததில்லை. அவர்கள் கேக் வெட்டும் நேரத்தில் நான் ஊருக்குப் போன் செய்யப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும்.

ஏன் என்று குமரிக் கரையில் என் சொந்த ஊரான முட்டத்தில் பலருக்குத் தெரியும். கோயில் மைக்கில் கேட்டவர்கள் அவர்கள். கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் எழுதிவைத்த கணக்குகளை மற்றவர்கள் தங்கள் நிரலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும் தொகுப்பு அது. ஒவ்வொரு கணக்கும் ஒரு ஃபங்ஷன். எங்களுடையது சி மொழியில் எழுதியது. மேலே சுற்றும் செயற்கைக்கோள் சொல்வதை வாங்கி, கடலில் நீ இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று சொல்வது அதன் வேலை.

2

அந்த லைப்ரரியின் முதல் வரிகள் எழுதப்பட்டது நார்வேயில் அல்ல, நாகர்கோவிலில். 2005ஆம் வருடம், சுனாமிக்கு அடுத்த வருடம். கரைக்குப் புது வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. நானும் என்னோடு கல்லூரியில் படித்த செல்வினும் சேர்ந்து, வள்ளத்தில் வைத்துக்கொள்ளத் தோதாக ஒரு சின்னப் பெட்டி செய்தோம். இடத்தைச் சொல்லும், முன்பு குறித்துவைத்த இடத்துக்குத் திரும்ப வழியும் காட்டும். தண்ணீர் புகாமலிருக்க அதைச் சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்து அடைத்தவன் செல்வின். உள்ளே ஓடும் கணக்கை எழுதியவன் நான்.

கணக்குகளில் முக்கியமானது வள்ளம் நிற்கும் இடத்தைச் சொல்வது, அதற்கு ஆங்கில எழுத்தில் 'கணியம்_எடு' என்று பெயர் வைத்தேன். எங்கள் கரைக்காரர்களுக்குக் கணியம் என்றால் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்குள் மீன் கிடக்கும் பாறைத்திட்டைப் 'பார்' என்போம். அந்தப் பார் எங்கே என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கலங்கரை விளக்கம் இன்ன மலையின் சரிவுக்கு நேராக வரவேண்டும், கோயில் கோபுரம் இன்ன தென்னங்கூட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும் என்று கரையில் அடையாளம் வைத்திருப்பார்கள். அதுதான் கணியம். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. என் அப்பா சூசை மிக்கேல், என் அக்காளைக் கட்டிய அந்தோணி அத்தானிடம் தன் கணியங்களைச் சொன்னது கல்யாணம் முடிந்து இரண்டாவது வருடம். அதுவும் நடுக்கடலில் வைத்து, சுற்றிலும் வள்ளம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியத்துக்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

3

2008இல் இங்கே வேலை கிடைத்தது. படகுக் கருவிகள் செய்யும் நிறுவனம். என் லைப்ரரியையும் வாங்கித் தங்களுடையதோடு சேர்த்துக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு தொடர்ந்ததால் செல்வினும் நாகர்கோவிலில் அதையே எடுத்துப் பெட்டிகளில் போட்டுவந்தான்.

என் மேலதிகாரி சுல்வேக் என்ற பெண்மணி. 'கணியம்_எடு' அவள் வாயில் நுழையவே இல்லை. பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கணக்கிலும் குறை இருந்தது. அதைவிட நல்லதாக ஒன்றை எழுதிவிட்டோம். பழையதை எடுக்க வேண்டும். ஆனால் உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ அதைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று எடுத்தால் அவர்கள் நிரல் நின்றுபோகும். அதனால் முறை ஒன்று உண்டு. முதலில் அந்த ஃபங்ஷனின் தலையில் 'இது இனி வேண்டாம், புதியதற்கு மாறிக்கொள்' என்று ஒரு குறி வைக்க வேண்டும். நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அந்தக் குறியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும். இரண்டு வருடம் அப்படிச் சத்தம் போடவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம்.

இதில் ஒரு தொல்லை. புதிய கம்பைலர்களுக்குத்தான் அந்தக் குறி விளங்கும். பழைய கம்பைலரிடம் காட்டினால் 'இது என்ன' என்று கேட்டு வேலையையே நிறுத்திவிடும். ஆகவே, கம்பைலர் புதியதானால் குறியை வை, பழையதானால் அந்த இடத்தை வெறுமையாக விடு என்று நாலு வரி எழுதினேன். எல்லாக் கம்பைலரிலும் சுத்தமாக ஓடியது. சுல்வேக் தோளில் தட்டினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பழைய கம்பைலர் வைத்திருப்பவனுக்கு எச்சரிக்கை போய்ச் சேராது என்பது அந்தப் பெருமையில் எனக்கு உறைக்கவில்லை.

2012இல் எடுக்கும் நாள் வந்தது. அதற்கான கூட்டத்தில் நான் நார்வே மொழியில் பேசினேன். அவர்கள் மொழியில் காலாவதியானதற்கு 'ஃபொரெல்டெட்' என்பார்கள். பெற்றோருக்கு 'ஃபொரெல்ட்ரெ'. நான் எழுந்து நின்று, "இந்த மாதம் நம் பெற்றோர்களை நீக்கிவிட வேண்டும், அவர்களைக் கூப்பிடுவோர் இப்போது யாரும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னேன். மேசை குலுங்கச் சிரித்தார்கள். வீட்டில் சொன்னதும் பதினொரு வயது மகள் ரீனா தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். அன்றிலிருந்து என்னைக் காலாவதி என்றுதான் கூப்பிட்டாள்.

எடுக்கும் வேலை என் கையில். சி லைப்ரரியில் இரண்டு இடம் உண்டு. ஒன்று பெயர்ப்பட்டியல், இன்ன பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, அது இன்ன வகை எண்ணைத் திருப்பித் தரும் என்று அறிவிக்கும் இடம். இன்னொன்று அந்தக் கணக்கின் உடல். நான் பட்டியலிலிருந்து கணியத்தை அழித்தேன். உடலை அழிக்கக் கை வரவில்லை.

செல்வின் இருந்தான். அவன் பெட்டிகளில் இருந்த மின்னணுச் சில்லுக்குப் பழைய கம்பைலர்தான் ஒத்துவரும். அவன் கணியத்தையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊர்க்காரனுக்கு ஒரு வழி விட்டுவைப்போம், வேண்டுமானால் அவன் தன் நிரலில் பெயரை அறிவித்துக்கொள்ளட்டும், பட்டியலில் இல்லாததால் மற்றவர்கள் கண்ணில் படாது, உள்ளே கிடக்கட்டும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சுல்வேக்கிடம் சொல்லவில்லை, செல்வினிடமும் சொல்லவில்லை. பெயர் நீக்கப்பட்டது என்று வெளியீட்டுக் குறிப்பில் எங்கேயோ அடியில் ஒரு வரி எழுதியதோடு சரி. அந்த வரியை எழுதிய நானே அதைத் திரும்பப் படித்ததில்லை.

4

ஆடி மாதம், திங்கட்கிழமை. இங்கே காலை ஒன்பதரை மணி. செல்வின் கூப்பிட்டான்.

"மக்கா, உன் புது வெர்ஷன் எறக்கிப் போட்டாச்சு கேட்டியா. கொள்ளாம். ஒரு சத்தமும் வரல்ல."

"கணியத்த மாத்தினியா?"

"எதுக்கு மாத்தணும்? கெடக்கட்டும்னு விட்டுட்டேன். அதான் சொல்லுதேனே, சுத்தமா கம்பைல் ஆச்சு. உங்க அத்தானுக்க பெட்டியிலதான் மொதல்ல போட்டது. விடியமுன்ன வெளுப்புக்கே போயிட்டாவ. கடல்ல ரெண்டு ராத்திரி தங்குவாவளாம்."

சத்தம் வரவில்லை என்று அவன் சொன்னது முதலில் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பட்டியலில் பெயர் இல்லையே. பெயர் தெரியாத ஒன்றை அவன் கம்பைலர் எப்படிச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது?

சி மொழியின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாத பெயரைக் கூப்பிட்டால், பழைய கம்பைலர் யாரையும் கேட்காது. 'எங்கேயோ இருக்கும், முழு எண் ஒன்றைத் திருப்பித் தரும்' என்று தானாகவே வைத்துக்கொள்ளும். பிறகு உடலைத் தேடும். நான் ஒளித்துவைத்த உடல்தான் அங்கே கிடக்கிறதே. எடுத்து ஒட்டிக்கொள்ளும். என் கணியம் தருவதோ பின்ன எண். அந்தச் சில்லில் பின்ன எண் வந்து நிற்கும் இடம் ஒன்று, முழு எண் நிற்கும் இடம் வேறொன்று. கம்பைலர் தப்பான இடத்தில் போய்ப் பார்க்கும். அங்கே கணக்கின் நடுவில் மிச்சமாகக் கிடந்த ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு வரும்.

என் மேசையில் பழைய பெட்டி ஒன்று இருந்தது. அதில் போட்டுப் பார்த்தேன். மிச்சமாகக் கிடந்தது, நிமிடக் கணக்கின் முழுப் பகுதி. கடலில் இடத்தை டிகிரியும் நிமிடமுமாகச் சொல்வார்கள். ஒரு நிமிடம் என்பது கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் போய்விட்டது. பைத்தியக்காரத்தனமான எண்ணாக வந்திருந்தால் அத்தானே பெட்டியை அணைத்திருப்பார். இது பார்வைக்கு ஒழுங்கான எண். வள்ளம் நிற்கும் இடத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு இடத்தைக் காட்டும், எந்தச் சந்தேகமும் வராமல்.

முட்டத்துக் கரையைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கரையை ஒட்டிப் பாறைகள். ஆடி மழையில் கலங்கரை விளக்கம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போதுதான் பெட்டியைப் பார்த்துக் கரை பிடிப்பார்கள்.

"செல்வினே, அத்தானைப் பிடிக்க முடியுமா?"

"போன் எடுக்காது. என்னாச்சு மக்கா?"

சொன்னேன்.

"உள்ள கெடக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா," என்றான்.

5

அத்தானின் வீட்டுக்கு, சகாய அக்காளுக்குப் போன் செய்தேன். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். கம்பைலர், பட்டியல் எதுவும் சொல்லவில்லை. பெட்டி தப்பான இடம் காட்டும், அத்தான் அதை நம்பக் கூடாது, அவ்வளவுதான் சொன்னேன்.

"ஏலே, அந்த மிஷினு பொய்யா சொல்லும்?"

"ஆமாக்கா."

"கெட்டுப் போச்சா?"

"கெடல்ல. நான் செஞ்சதுல பெசகு வந்துட்டுது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யோசித்தாள். நாளை விடியற்காலை நாலைந்து வள்ளங்கள் அந்தப் பக்கம் போகும். யாராவது அத்தானைப் பார்த்தால் சொல்லச் சொல்லலாம். தனித்தனியாக வீடு வீடாகச் சொல்ல முடியாது. பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயில் மைக்கில் சொல்லவைக்கிறேன் என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"உம் பேரு சொல்லணும் மக்கா."

"எதுக்குக்கா? மிஷினு கோளாறுன்னு சொன்னாப் போராதா?"

"போராது. மிஷினு கோளாறுன்னு மொட்டையாச் சொன்னா, எவனாவது அசூயையில சொல்லுதான்னு நெனச்சிருவானுவ. யாரு செஞ்சதுன்னு சொன்னாத்தான் நம்புவானுவ. சொல்லட்டா, வேண்டாமா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நார்வேயில் இருப்பவன், பெட்டி செய்தவன், திருவிழாவுக்கு வந்தால் சாமியார் பக்கத்தில் உட்காரவைக்கப்படுபவன். மைக்கில் சொன்னால் மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை கேட்கும். அத்தான் கடலில் இருக்கிறார், நானோ என் பெயரை நினைத்துக்கொண்டு போனைப் பிடித்தபடி நிற்கிறேன். எத்தனை நொடி என்று தெரியாது. அக்கா காத்திருந்தாள். அந்தச் சில நொடிகளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

"சொல்லுங்க," என்றேன்.

மாலையில் மைக்கில் மூன்று முறை சொன்னார்களாம். சூசை மிக்கேல் மகன் ததேயு செய்த பெட்டி தப்பாகக் காட்டுகிறது, நாளை கடலுக்குப் போகிறவர்கள் அந்தோணியின் வள்ளத்தைக் கண்டால் பெட்டியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவும்.

6

சுல்வேக்கிடமும் சொன்னேன், உடலை ஒளித்துவைத்தது உட்பட. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த நாட்டில் திட்ட மாட்டார்கள், படிவம் தருவார்கள். ஆறு பக்கம். எந்த வெர்ஷன், எந்தக் கம்பைலர், எப்போது தெரியவந்தது. எல்லாவற்றையும் நிரப்பினேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'மாற்றத்தைக் குறித்து, பாதிக்கப்படக்கூடியவர்களில் யாருக்கு முன்கூட்டித் தெரிவித்தீர்கள்?' அதற்கு எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு தகவலும் இல்லை. முட்டத்தில் நல்ல மழை என்று அக்கா சொன்னாள். நாலு வள்ளம் போயிருக்கிறது, ஒருவருக்கும் இன்னும் போன் எட்டவில்லை. நான் வேலைக்குப் போகாமல் அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி இரண்டு முறை தோசை வைத்தாள், இரண்டு முறையும் ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே விளையாடிவிட்டு வந்த ரீனா கேட்டாள், "அப்பா, அந்தோணி எப்போ வருது?"

மற்ற நாளாக இருந்தால் ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். மாமா என்று சொல்லு, வருது இல்லை, வருவாங்க என்று சொல்லு. இங்கே ஆசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளை. மாமா என்ற சொல் அவள் வாயிலிருந்து எந்த வருடம் போனது என்று எனக்கே தெரியாது. அதுவும் சத்தமில்லாமல்தான் போயிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எப்போ வருது என்று கேட்க ஒரு ஆள் இருந்தது ஆறுதலாக இருந்தது.

அவள் மேசைமேல் கிடந்த பக்கத்தை எடுத்து, என்னைவிட வேகமாகப் படித்தாள்.

"இதுல யார் பேர் எழுதணும்?"

"நான் யாருக்குச் சொன்னேனோ அவங்க பேரு."

"யாருக்குச் சொன்னே?"

"யாருக்கும் சொல்லல."

"ஏன்? அது சீக்ரெட்டா?"

ஆமாம் என்றேன். பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் அதற்குப் பிறகு என்னைக் காலாவதி என்று அவள் கூப்பிடவில்லை.

7

புதன்கிழமை பகல் பதினொன்றுக்கு அக்காளின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அத்தானின் குரல்.

"ததேயு, கரைக்கு வந்தாச்சுடே."

நடந்ததை அவரே சொன்னார். முதல் நாள் பெட்டி காட்டிய இடத்தில், கீழே பார் இல்லை என்று நம்பி வலையை விட்டிருக்கிறார். வலை பாரில் மாட்டிக் கிழிந்து பாதி போய்விட்டது. செவ்வாய் மதியம் ஒரு வள்ளம் தேடிப்பிடித்து வந்து, பெட்டியை நம்பாதே என்று கத்திச் சொல்லியிருக்கிறது. புதன் விடிந்து திரும்பும்போது மழையில் கரை தெரியவில்லை. கூடவே தங்கிய அந்த வள்ளத்தின் பெட்டியில் இருந்தது பழைய வெர்ஷன்; அதன் பின்னாலேயே வாலைப் பிடித்த மாதிரி வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"உன் பெட்டிய நம்பியிருந்தா வெளக்குக்குக் கெழக்க பாறையிலதான் போய் ஏறியிருப்போம். உள்ள அஞ்சு பேரு உண்டும்."

"தப்பு எம்மேலதான் அத்தான்."

"அது ஊருக்கே தெரியும், மைக்குல கேட்டாச்சு," என்றார். சிரிப்பது போலத்தான் இருந்தது. பிறகு குரல் மாறியது. "செல்வின் எல்லாம் சொன்னான். எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல்ல. அந்தப் பழசை எங்களுக்குன்னா உள்ள வச்சிருந்த?"

"ஆமா அத்தான்."

"யாருக்கும் தெரியாம? கணியத்த மறைக்க மாதிரி?"

"ஆமா."

"கணியத்த எதிராளிக்கிட்டல்லா மறைப்பாவ. நான் எதிராளியா மக்கா?"

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செரி செரி, போய்ச் சோறு தின்னு என்று வைத்துவிட்டார்.

8

அன்றைக்கே அலுவலகம் போய் உடலையும் அழித்தேன். அதோடு விடவில்லை. பட்டியலில் அந்தப் பழைய பெயருக்கு நேராக, எந்தக் கம்பைலருக்கும் விளங்காத ஒரு வரியை வைத்தேன். புதியதோ பழையதோ, அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அந்த இடத்தில் கம்பைலர் நின்றே ஆகவேண்டும். நின்று, அந்த வரியைத் திரையில் காட்டும். ஆங்கில எழுத்தில் நான் வைத்த வரி: 'கணியம் போயாச்சு, மாத்து'. இது எந்த மொழி என்று சுல்வேக் கேட்டாள். எங்கள் கரை மொழி என்றேன். இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் அந்த எட்டு வரி இடத்தில் 'யாருக்கும் இல்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அதிலிருந்து எந்த ஃபங்ஷனை எடுத்தாலும், கேக் வெட்டும் நேரத்தில் செல்வினைக் கூப்பிட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். அவன் திருப்பிச் சொல்வான். எழுதியும் அனுப்புகிறேன், ஆனாலும் அவன் வாயால் கேட்காமல் எனக்கு மனம் அடங்குவதில்லை.

நேற்றும் நடைவழியில் நின்று கூப்பிட்டேன். இரண்டு பெயர் வாசித்திருப்பேன், போன் கை மாறியது. பெட்டிக்குப் பேட்டரி மாற்ற அத்தான் செல்வினின் கடைக்கு வந்திருக்கிறார்.

"யாரு, ததேயுவா? என்ன வாசிக்க?"

"எடுத்த ஃபங்ஷனுக்க பேரு அத்தான். இனி இருக்காது, அதான்."

"இங்க வெளிய பஸ்ஸு எரைச்சல். கேக்கல்ல. சத்தமாச் சொல்லு மக்கா."

மூன்று பெயர்களையும் முதலிலிருந்து சொன்னேன். கேட்கவில்லை என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேக் தட்டோடு நடைவழியில் வந்த சுல்வேக்கும் மற்றவர்களும் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே, முட்டத்துக்குக் கேட்கும்படி கத்தினேன்.